தவறாக இழுத்துச் செல்லப்பட்ட கார்: முதலில் மீட்பதா, முதலில் வழக்காடுவதா?

விதிப்படி நிறுத்தியிருந்த காரை இழுவை வண்டி கொண்டுபோய்விட்டது என்று தெரிந்ததும் உரிமையாளர் முன் ஐந்தாறு வழிகள் தென்படுகின்றன. கேட்ட கட்டணத்தைக் கட்டிக் காரை மீட்டுக்கொண்டு பிறகு பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கட்ட மறுத்து, காரை அங்கேயே விட்டுவிட்டு, இழுத்தது தவறு என்று முதலில் நிறுவ முயலலாம். காவல் நிலையத்துக்குப் போகலாம். கிரெடிட் கார்டில் கட்டிவிட்டு வங்கியிடம் முறையிடலாம். இழுக்கச் சொன்ன அலுவலகத்தில் விசாரணை கேட்கலாம், அல்லது நேரே நீதிமன்றத்துக்குப் போகலாம். இவற்றுள் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இவற்றில் சில ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டியவை. வேறு சில, வரிசை தவறினால் மற்றொரு வழியை அடைத்துவிடக்கூடியவை. ஆகவே எது சிறந்த வழி என்பதோடு, எதை எந்த நேரத்தில் எடுப்பது என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

எனக்கு இது நேர்ந்தபோது இரவு ஒன்பது மணி. குடியிருப்பு வளாகத்தில் கார் நிறுத்துவதற்கான அனுமதி அட்டை என்னிடம் முறையாக இருந்தது. ஆனால் கதவைச் சாத்திய அதிர்வில் அது டாஷ்போர்டிலிருந்து நழுவி, கண்ணாடிக்கும் பலகைக்கும் இடையிலுள்ள இடுக்கில், எண் தெரியாதபடி குப்புற விழுந்து கிடந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தவருக்கு அது அனுமதியில்லாத கார். இழுவை நிறுவனத்தின் யார்டில் கம்பி வலை போட்ட ஒரு சிறிய ஜன்னலும் அதன் கீழே ஒரு தட்டும் இருந்தன. தட்டில் ஒரு படிவத்தை வைத்துத் தள்ளினார்கள். கையெழுத்துக்கு மேலே, மற்ற வரிகளைவிடச் சிறிய எழுத்தில், "வாகனத்தை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன், இது தொடர்பாக எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அச்சடித்திருந்தது. காரை இன்னும் கண்ணால்கூடப் பார்க்காத ஒருவரிடம் கேட்கப்படும் கையெழுத்து அது. அந்த வரியை அடித்துவிட்டு, "காரை மீட்பதற்காக மட்டும், மறுப்புடன் செலுத்துகிறேன்" என்று எழுதித் தேதியும் நேரமும் இட்டுக் கையெழுத்திட்டேன். படிவத்தையும் உடனே படம் எடுத்துக்கொண்டேன். பின்னர் வளாக நிர்வாகத்துடன் பேசியபோது, நான் தவறை ஒப்புக்கொண்டு பணம் கட்டவில்லை என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் அந்த வரிதான். இந்தக் கட்டுரையில் நான் எடுக்கும் நிலைப்பாட்டுக்கு அந்த இரவும் ஒரு காரணம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

யார் சொல்லி இழுத்தார்கள்?

எந்த வழியையும் எடைபோடுவதற்கு முன் விடை தெரிய வேண்டிய கேள்வி இது. கார் காணாமல் போயிருந்தால், திருட்டுப் புகார் எழுதுவதற்கு முன் காவல் கட்டுப்பாட்டு அறைக்கு எண்ணைச் சொல்லி, அது இழுத்துச் செல்லப்பட்ட வண்டிகளின் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்பது முறை. இருக்கிறது என்றால், உத்தரவிட்டது யார், எந்த நேரத்தில், என்ன காரணத்துக்காக, இப்போது கார் எங்கே இருக்கிறது என்ற நான்கையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பொதுச் சாலையிலிருந்து காவல்துறையோ நகர நிர்வாகமோ எடுத்திருந்தால் அது அரசு அதிகாரத்தின் செயல். அதை மறுப்பதற்கு அந்த நிர்வாகத்துக்குள்ளேயே பெரும்பாலும் ஒரு முறையீட்டு வழி இருக்கும். தனியார் நிலத்திலிருந்து நிலத்தின் உரிமையாளரோ நிர்வாகியோ எடுக்கச் சொல்லியிருந்தால் அது இரு தரப்புக்கு இடையிலான உரிமைச் சிக்கல். மூன்றாவது ஒரு வகையும் உண்டு: யாரும் குறிப்பாகச் சொல்லாமல், இழுவை நிறுவனமே வளாகங்களைச் சுற்றிவந்து தானாகத் தூக்கிக்கொண்டு போவது. உரிமையாளரின் நிலை வலுவாக இருப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையில்தான். ஏனெனில் "இந்தக் காரை எடுக்கச் சொல்லி யார் கையெழுத்திட்டார்கள், அதைக் காட்டுங்கள்" என்ற கேள்விக்கு அவர்களிடம் பல நேரங்களில் பதில் இருப்பதில்லை. அரசுத் தரப்பிலும் இதே கேள்விக்கு இடம் உண்டு. இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவு, பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கவனிப்பாரின்றிக் கிடக்கும் வண்டியையும், நிறுத்தத் தடையுள்ள இடத்தில் நிற்கும் வண்டியையும் அகற்ற, அந்த எல்லைக்குட்பட்ட சீருடையணிந்த காவல் அதிகாரி அனுமதி தரலாம் என்கிறது. அந்தச் சட்டம் செல்லும் இடத்தில், இழுவை வண்டியின் ஓட்டுநர் தாமாக எடுத்த முடிவும் அதிகாரி கொடுத்த அனுமதியும் ஒன்றாகாது.

கார் இன்னும் கொக்கியில் இருக்கும்போது

நல்வாய்ப்பாக, இழுக்கத் தொடங்கும்போதே நீங்கள் வந்து சேர்ந்துவிட்டால், வேறெந்த வழியையும்விட அந்த இடத்திலேயே விடுவிக்கக் கேட்பது மேலானது. கலிஃபோர்னியாவின் வாகனச் சட்டம், தனியார் நிலத்தை விட்டு வண்டி இன்னும் வெளியேறவில்லை என்றால் உரிமையாளர் கேட்டவுடன் நிபந்தனையின்றி விடுவிக்க வேண்டும் என்கிறது. கொக்கி மாட்டிய வேலைக்காக அவர்கள் வசூலிக்கக்கூடியது வழக்கமான இழுவைக் கட்டணத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. இதே போன்ற ஏற்பாடு வேறு பல இடங்களிலும் உண்டு. ஆகவே அமைதியாக, போனில் பதிவு செய்தபடி, "நான் உரிமையாளர், இங்கேயே இருக்கிறேன், காரை இறக்குங்கள்" என்று சொல்வது போதுமானது. காருக்குள் ஏறி உட்கார்ந்துகொள்வது, இழுவை வண்டிக்கு முன் நிற்பது போன்றவற்றைத் தயவுசெய்து செய்யாதீர்கள். தூக்கிய கார் சரியும் ஆபத்து ஒருபுறம். அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயம், இடையூறு செய்தார் என்ற ஒரே குற்றச்சாட்டில் திசை மாறிவிடும் என்பது மறுபுறம்.

கட்டி மீட்பதும், கட்டாமல் விடுவதும்

அதிகமானவர்கள் தடுமாறும் இடம் இதுதான். மற்ற வழிகளைவிட இதை விரிவாகப் பார்க்க வேண்டும்.

கட்டக் கூடாது என்பதற்கான வாதம் எளிமையானது, நியாயமும் உள்ளது: தவறு செய்தவர் அவர்கள், ஆகவே பணம் தர வேண்டியது நானல்ல. கட்டிவிட்டால் தவறை ஒப்புக்கொண்டது போலாகும் என்ற அச்சமும் இதற்குள் இருக்கிறது. இந்த வாதத்துக்குச் சட்டத்திலிருந்தே ஒரு துணைச் சான்றும் கிடைக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒருவர், தடைப் பலகையை மரக்கிளைகள் மறைத்திருந்தன என்று சொல்லி, இழுத்துச் செல்லப்பட்ட காருக்குக் கட்டணம் செலுத்தி மீட்டுக்கொண்டு பிறகு விசாரணை கேட்டார். விசாரணை நடக்க 27 நாட்கள் ஆயின. இந்தத் தாமதம் தம் உரிமையைப் பறித்தது என்று அவர் தொடுத்த வழக்கில், 2003ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் நகர நிர்வாகத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கார் அவர் கைக்கு வந்துவிட்டது, தாமதத்தால் முடங்கியிருப்பது பணம் மட்டுமே, அதற்கு வட்டி ஈடு செய்யும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதாவது பணத்தைக் கட்டிக் காரை எடுத்துக்கொண்டவரின் வழக்கைச் சட்டம் அவசர வழக்காகப் பார்ப்பதில்லை. இது உண்மையான இழப்புதான். கட்டி மீட்பதை ஆதரிப்பவர்கள் இதை மறைக்கக் கூடாது.

ஆனாலும் எதிர்ப்பக்கத்தின் கனம் அதைவிடக் கூடுதல். யார்டில் கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் நிறுத்தக் கட்டணம் ஏறுகிறது. பல இடங்களில் சில நாட்களிலேயே அது இழுவைக் கட்டணத்தைத் தாண்டிவிடும். குறிப்பிட்ட காலம் கடந்தால் கட்டணப் பாக்கிக்காகக் காரை ஏலத்தில் விற்கும் உரிமையையும் பல சட்டங்கள் யார்டுக்குத் தருகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நீதிமன்றங்களில், பாதிக்கப்பட்டவர் தம் இழப்பை முடிந்தவரை குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற கோட்பாடு நிலைத்திருக்கிறது. முதல் நாளே எடுத்திருக்கக்கூடிய காரை மூன்று வாரம் விட்டுவைத்தவர், வழக்கில் வென்றாலும், அந்த மூன்று வார நிறுத்தக் கட்டணம் முழுவதும் திரும்பி வரும் என்று எண்ணிவிட முடியாது. எதிராளியின் தவறு ஒருநாள் தவறு. அதற்குப் பிறகான நாட்கள் உங்கள் முடிவு என்று அவர்களின் வக்கீல் வாதிடுவார், அந்த வாதம் எடுபடவும் செய்யும்.

கட்டினால் ஒப்புக்கொண்டதாகும் என்ற அச்சத்துக்கு மருந்து, மறுப்பை எழுத்தில் வைப்பது. காரைத் திரும்பப் பெற வேறு வழியில்லாமல் கட்டிய பணத்தை விருப்பத்துடன் கட்டிய பணமாக நீதிமன்றங்கள் பொதுவாகக் கருதுவதில்லை. ரசீதில் மறுப்பை எழுத விடாவிட்டால், அங்கே நின்றபடியே அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்பிவிடலாம். நேரம் தானாகப் பதிவாகிவிடும். கோரிக்கை எதுவும் இல்லை என்று எழுதிய வரியில் மட்டும் கையெழுத்திடக் கூடாது. அதில் கையெழுத்திடாமல் காரைத் தர மாட்டோம் என்று பிடிவாதம் பிடித்தால், அந்தப் பேச்சையே பதிவு செய்துகொண்டு, கையெழுத்தின் அருகில் "வற்புறுத்தலின் பேரில்" என்று எழுதுவது அடுத்த நிலை.

ஆகவே என் தீர்ப்பு: அன்றைக்கே, மறுப்புடன் கட்டி மீட்பது பெரும்பாலானோருக்குச் சரி. இதற்கு இரண்டு விலக்குகள் இருக்கின்றன. விசாரணை ஓரிரு நாளில் கிடைக்கும் இடமாக இருந்து, காரின் தேவை அவ்வளவு அவசரமாக இல்லாவிட்டால் காத்திருக்கலாம். கலிஃபோர்னியாவில் அரசு அமைப்பு எடுத்த வண்டிக்கு, அறிவிப்புத் தேதியிலிருந்து 10 நாட்களுக்குள் கேட்டால், விடுமுறை நாட்கள் நீங்கலாக 48 மணி நேரத்துக்குள் விசாரணை நடத்த வேண்டும், எடுத்ததற்குத் தக்க காரணம் இல்லை என்று முடிவானால் இழுவை, நிறுத்தச் செலவுகளை அந்த அமைப்பே ஏற்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மற்றொன்று, காரின் மதிப்பே கேட்கும் கட்டணத்தை நெருங்கிவிடும் பழைய வண்டிகள். அப்போதும் எதுவும் செய்யாமல் விட்டுவிடுவது தவறு. உள்ளே இருக்கும் ஆவணங்களையும் பொருட்களையும் எடுத்துக்கொண்டு, உரிமையை எழுத்துமூலம் விட்டுக்கொடுத்தால் பாக்கி உங்களைத் தொடரும் வாய்ப்பு குறையும்.

காரை ஓட்டிக்கொண்டு வெளியேறுவதற்கு முன்

காரைக் கண்டதும் ஏறி ஓட்டிச் சென்றுவிடத்தான் மனம் துடிக்கும். ஆனால் யார்டின் வாசலைத் தாண்டிவிட்டால், சேதம் எங்கே நேர்ந்தது என்று நிரூபிப்பது மிகக் கடினம். ஆகவே நகர்த்துவதற்கு முன்பே சுற்றிலும் படம் எடுக்க வேண்டும்: முன், பின் பம்பர்கள், கொக்கி மாட்டும் இடம், சக்கர வளையங்கள், முடிந்தால் குனிந்து அடிப்பகுதி. ஓடோமீட்டர் எண்ணும் பதிவில் இருக்கட்டும்.

கண்ணுக்குத் தெரியாத சேதத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனெனில் பணம் அதிகம் போவது அதில்தான். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் காரில் இரண்டை மட்டும் தூக்கி இரண்டைத் தரையில் உருளவிட்டால், முன்னும் பின்னும் விசையைப் பகிரும் இணைப்புப் பகுதி சூடேறிப் பழுதாகலாம். மின்சாரக் காரில் விசைச் சக்கரங்கள் தரையில் உருண்டால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரம் உற்பத்தி செய்யும். அதனால்தான் தயாரிப்பாளர்களின் கையேடுகள் பொதுவாக இத்தகைய கார்களைத் தட்டையான தளமுள்ள வண்டியில் முழுதாக ஏற்றிச் செல்லச் சொல்கின்றன. ஆட்டோமேட்டிக் கியர் காரைப் பார்க்கிங் நிலையில் வைத்தே இழுத்தால் கியர்பெட்டியின் பூட்டு உடையலாம். கைபிரேக் போட்டபடி இழுத்தால் டயர் ஓரிடத்தில் மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். உங்கள் கார் இவ்வகையைச் சேர்ந்தது என்றால், எந்த முறையில் இழுத்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஓரிரு நாளில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டித் தேதியிட்ட அறிக்கை வாங்கிவையுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்வது சேதம் இருந்தால் மட்டுமே பயன் தரும். இழுவைக் கட்டணத்தை அவர்கள் ஏற்பது அரிது.

இதற்கு அடுத்த வேலை, கார் நின்ற இடத்துக்குத் திரும்பப் போவது. பலரும் இதை மறுநாளைக்குத் தள்ளிவைக்கிறார்கள். மறுநாள் அங்கே புதிய பலகை நிற்கக்கூடும், மறைத்திருந்த கிளை வெட்டப்பட்டிருக்கக்கூடும். ஓட்டுநரின் இருக்கையிலிருந்து பார்த்தால் பலகை எப்படித் தெரிகிறது என்பதை அதே உயரத்தில், அதே இரவு வெளிச்சத்தில் படம் எடுப்பது, நிமிர்ந்து நின்று எடுக்கும் பத்துப் படங்களைவிட மதிப்புள்ளது. சாலை விளிம்பில் மங்கிய கோடு, தூரத்தைக் காட்டும் அளவுநாடா, பக்கத்துக் கட்டடத்தின் சிசிடிவி எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது எல்லாம் வேண்டும். சிசிடிவிப் பதிவுகள் தானாக அழிந்து புதிதாக எழுதப்படுபவை. அந்த நேரத்துப் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி அன்றே எழுத்தில் கேட்டுவிட வேண்டும்.

அலுவலக விசாரணை, நீதிமன்றம், மற்றவை

கார் கைக்கு வந்தபின் எழும் தேர்வு வேறு. அரசு அமைப்பு எடுத்திருந்தால் அதன் முறையீட்டு வழியைத்தான் முதலில் எடுக்க வேண்டும். அதில் செலவு குறைவு, வக்கீல் தேவையில்லை. குறை என்னவென்றால், அங்கே பார்க்கப்படுவது இழுத்தது சரியா தவறா என்பது மட்டுமே. நீங்கள் வேலைக்குப் போக முடியாமல் இழந்த ஊதியமும், டாக்சிச் செலவும், பம்பரின் கீறலும் பெரும்பாலும் அதன் எல்லைக்கு வெளியே. மற்றொரு குறை, காலக்கெடுவின் கடுமை. இங்கிலாந்தில் கவுன்சில் எனப்படும் உள்ளூர் நிர்வாகம் எடுத்த காருக்கு, கட்டி மீட்டபின் 28 நாட்களுக்குள் மறுப்பு எழுத வேண்டும். கவுன்சில் அதை நிராகரித்தால் சுயேச்சையான தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். முன்பு சொன்ன கலிஃபோர்னியக் கெடு 10 நாட்கள்தான். நியாயம் முழுவதும் கையில் இருந்தும் கெடு தவறியதால் மட்டுமே தோற்றுவிடுகிறவர்களை நினைக்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. ரசீதின் பின்பக்கத்தில் அந்த நாள் கணக்கு பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும், அதை யாரும் படித்துக் காட்டுவதில்லை.

தனியார் நிலத்திலிருந்து எடுத்திருந்தால் முதல் கடிதம் யாருக்கு என்பதில் என் கருத்து சற்று மாறுபடுகிறது. எல்லோரும் இழுவை நிறுவனத்தோடுதான் மோதுகிறார்கள். எடுக்கச் சொன்ன நில உரிமையாளருக்கோ வளாக நிர்வாகத்துக்கோ முதலில் எழுதுவது மேல் என்பது என் அனுபவம். உங்களோடு தொடர்ந்து உறவு வைத்திருக்க வேண்டியவர்கள் அவர்கள். இழுவை நிறுவனத்தை ஒப்பந்தத்தால் கட்டுப்படுத்தக்கூடியவர்களும் அவர்களே. அனுமதி அட்டையின் நகல், அது வழங்கப்பட்ட தேதி, மறுப்புடன் கட்டிய ரசீது, எவ்வளவு பணம், எத்தனை நாட்களுக்குள் என்று ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பினேன். என் விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது. முடியாவிட்டால் இரு தரப்பையும் சேர்த்துச் சிறு கோரிக்கைகளை விசாரிக்கும் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே வண்டி இல்லாமல் போன நாட்களின் செலவு, சேதம் ஆகியவற்றையும் கேட்க முடியும் என்பதே அலுவலக விசாரணையைவிட அதற்குள்ள மேன்மை. சில இடங்களில் தண்டத் தொகையும் உண்டு: கலிஃபோர்னியாவில் தனியார் நிலத்தில் சட்டத்தின் சில குறிப்பிட்ட நிபந்தனைகளை மீறி எடுத்தால், இழுவை, நிறுத்தக் கட்டணத்தின் நான்கு மடங்கு வரை பொறுப்பேற்க வேண்டிவரும்.

காவல்துறைப் புகார் பெரும்பாலும் "இது சிவில் விவகாரம்" என்ற பதிலோடு நின்றுவிடும். எல்லா இடத்திலும் அப்படியல்ல. ஸ்காட்லாந்தில் தனியார் நிலத்தில் சக்கரப் பூட்டு போட்டுப் பணம் கேட்டது மிரட்டிப் பறித்தலும் திருட்டும் ஆகலாம் என்று 1992ஆம் ஆண்டிலேயே உயர் நீதிமன்றம் சொன்னது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012ஆம் ஆண்டின் ஒரு சட்டம், உரிமையாளர் எடுக்க முடியாதபடி தடுக்கும் நோக்கத்தோடு, சட்ட அதிகாரமின்றி ஒரு வண்டியைப் பூட்டுவதையும் நகர்த்துவதையும் குற்றமாக்கியது. அது அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அத்தகைய சட்டம் உள்ள இடத்தில் பிரிவைக் குறிப்பிட்டு எழுதும் புகாருக்கு வலு உண்டு. இல்லாத இடத்தில், காரில் இருந்த பொருள் காணாமல் போனால் மட்டும் அந்தப் பக்கம் போவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்பதை நான் மிகக் கடைசியில்தான் வைப்பேன். இருமுறை வசூலித்தது, ரசீதில் உள்ள தொகைக்கு மேல் எடுத்தது போன்ற கணக்குத் தவறுகளுக்கு அது பொருத்தமான வழி. இழுத்ததே தவறு என்ற வாதத்தை எடைபோடுவது வங்கியின் வேலையல்ல. நிறுவனம் உங்கள் கையெழுத்துள்ள படிவத்தைக் காட்டினால் முடிவு பெரும்பாலும் அவர்கள் பக்கம் போய்விடும். வங்கி பணத்தைத் திருப்பித் தந்தாலும், அந்தத் தொகைக்காக நிறுவனம் உங்கள் மீது வழக்குத் தொடுக்கலாம். அப்போது வாதியாக இருந்திருக்க வேண்டிய நீங்கள் பிரதிவாதியாக நிற்பீர்கள். ஆனாலும் பணமாகக் கொடுப்பதைவிடக் கார்டில் கட்டுவதே மேல், ஏனென்றால் தொகையும் நேரமும் பெற்றவர் பெயரும் வங்கிக் கணக்கில் அழியாமல் பதிந்துவிடும். கார்டு வாங்க மாட்டோம் என்று யார்டில் சொன்னால், அது அந்த ஊர் விதிக்கு உட்பட்டதா என்று உரிமம் வழங்கும் அமைப்பைக் கேட்கலாம். அங்கே கொடுக்கும் புகாரால் பணம் திரும்புவது அரிது. ஆனால் உரிமம் புதுப்பிக்கும் நேரத்தில் ஒரு நிறுவனத்தின் மேல் எத்தனை புகார்கள் இருக்கின்றன என்பது பார்க்கப்படும் இடங்களில், நீங்கள் எழுதும் அரைப் பக்கம் அடுத்தவரின் காருக்குக் காவலாக நிற்கும். நீதிமன்றம் போகப் பொழுதில்லாதவர்களும் அதையாவது எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.